சிவப்பு வாளி நண்டுகள்

தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல எழுதுவதில் எனக்குத் தனித் திறமை உண்டு. பத்திரிகையாளன் ஆனதும் அதனால்தான். மானம் போனதும் அதனால்தான்.

நான் கண்டாவளைக் கமக்காரன். வயல் தெரியும், வரம்பு தெரியும். கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது உப்பு என்பது மட்டுமே. ஆனாலும் கடல்வளத்தைப் பற்றி எழுதும் செய்தியாளர்களுக்கு ஒரு நிறுவனம் நிதி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டதும், 'சினை நண்டைக் காப்போம்' என்று எட்டுப் பக்கத்தில் விண்ணப்பம் போட்டேன். (நண்டைப் பற்றி அரைப் பக்கம். மிச்சம் என்னைப் பற்றி.) இணையத்தில் எடுத்த சினை நண்டுப் படம் ஒன்றையும் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து இணைத்தேன். கோயில் திருவிழாவும் பஸ் புரண்ட செய்தியும் எழுதி எழுதிக் கை அலுத்திருந்த காலம் அது. ஆறு மாதம் ஒரே விஷயத்தைத் தேடி எழுதலாம் என்றால் விடமுடியுமா?

விண்ணப்பம் முதல் சுற்றில் தேறிவிட்டது. முடிவு சொல்லமுன் கொழும்பிலிருந்து ஒரு அம்மையார் நேரில் வந்து பார்ப்பாராம். முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் என் மனைவி மேரியின் தாய்வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னேன். கடல் பக்கத்தில் இரைந்தால் என் அறியாமை வெளியே கேட்காது என்று ஒரு நம்பிக்கை.

அன்று காலை மேரியின் தம்பி றொபின் கரையில் குந்தி வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு வாளிகள். "அத்தான், சமையலுக்கு நீல வாளியைக் கொண்டுபோங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான்.

எட்டிப் பார்த்தேன். நீல வாளியில் ஏதோ சுமாரான நண்டுகள். சிவப்பு வாளிக்குள்ளோ, ஊற்றிவைத்த கடல்தண்ணீரில், வயிற்றுக்குக் கீழே செம்மஞ்சளாகப் பொங்கித் தள்ளிய நண்டுகள். கள்ளன்! கொழுத்ததையெல்லாம் வியாபாரிக்கு ஒளித்து வைத்துவிட்டு அக்காவின் புருசனுக்குக் கழிவைத் தள்ளுகிறானா? சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அம்மையார் வந்து கதிரையில் அமர்ந்தார். குசினிக்குப் போகமுன் சரக்கைக் காட்டினால் மதிப்பு என்று தோன்றியது. ஒரு நண்டைப் பின்னங்காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினேன்.

"பாருங்கோ மேடம், எங்கடை கடல் நண்டு!"

"கீழ ஒரேஞ்சா இருக்கிறது என்ன?"

"கொழுப்பு மேடம். அதிலைதான் ருசியே!"

அவர் மடியிலிருந்த என் விண்ணப்பத்தைப் பார்த்தார். நண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூன்றிலும் நண்டின்மேல்தான் அவருக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

"ஆர் என்ரை சிவப்பு வாளியைத் தூக்கினது?" என்று கத்திக்கொண்டு றொபின் ஓடிவந்தான். "ஐயோ அத்தான், அது சினை நண்டு! திருப்பிக் கடலிலை விட வச்சிருந்தனான்."

"சினையோ?" என்றேன். எட்டுப் பக்கம் எழுதியவன் கேட்ட கேள்வி!

குசினி வாசலில் நின்ற மேரி, "நான் கட்டினது ஒரு கமக்காரனைத்தான் மேடம். இதை எழுதினது ஆரெண்டு எனக்குத் தெரியாது" என்றாள்.

அதிர்ச்சியில் என் பிடி தளர்ந்தது. நண்டு பெருவிரலைக் கவ்வியது. (நான் போட்ட சத்தத்தை 'ஐயோ' என்று எழுதினால் அது சுருக்கம்.)

எல்லோரும் கரைக்குப் போய் நண்டுகளைக் கடலில் விட்டோம். அம்மையார் ஒரு மணித்தியாலம் றொபினிடம் கேள்வி கேட்டு எழுதினார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் நீல வாளியை நாய் கவிழ்த்துவிட்டது. மத்தியானம் கோழி முட்டைக் குழம்பு. அதைப் பரிமாறும்போது, "இதாவது என்னெண்டு தெரியுதோ அத்தான்?" என்று றொபின் கேட்டான். அம்மையாருக்குப் புரையேறியது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. நிதி உண்டு; ஆனால் ஒரு நிபந்தனை. களத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் றொபின் என்னோடு வரவேண்டும். வந்தான். நண்டை எனக்குப் புரட்டிக் காட்டினான், நான் எழுதினேன். நான் எழுதியதில் பொய் இல்லாத முதல் கட்டுரைகள் அவைதான்.

போன மாதம் கிளிநொச்சியில் இரத்தம் சோதித்த டொக்டர், "கொழுப்பு கூடிப்போச்சு" என்றார். நான் வாய் திறக்கமுன் மேரி முந்திக்கொண்டாள்.

"வடிவாப் பாருங்கோ டொக்டர். சினையெண்டால் இவரைக் கொண்டுபோய்க் கடலிலை விட்டிடுறம்."