ஏரிக்கு அடியில் கேஸ் வண்டி

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் தொடங்கிய வரிசை இரண்டு தெருவைத் தாண்டிவிட்டது. பொலிவியாவின் எல் ஆல்டோ ஊரில் இவ்வளவு நீள வரிசை பெட்ரோல் தட்டுப்பாடு வந்தால்தான் நிற்கும். இந்த முறை தட்டுப்பாடு ஆன்மாவுக்கு. அம்மாக்கள் கையில் பிள்ளைகளின் தொப்பிகள். ஒருவர் நாயின் கழுத்துப் பட்டையோடு வந்திருந்தார். ஒரு மினிபஸ் டிரைவர் வண்டிச் சாவியை நீட்டிக் காட்டி, "ஒரு வாரமா ஸ்டார்ட்டே ஆகல. உள்ள இருந்தது எங்கயோ போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர் சிரிக்கவில்லை. "என் வண்டிக்கும் போன வருஷம் இப்படித்தாண்ணே ஆச்சு" என்றார்.

நில்டா டீச்சர் ஐந்தாம் வகுப்பு ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் ஒரு சாக்கு. சாக்குக்குள் இருபத்து நாலு பழைய போன்களும் பத்துச் சார்ஜர்களும். மதியம் பன்னிரண்டு மணிக்கு அதைக் குரு அமாருவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் அதைத் தித்திகாக்கா ஏரியில் மூழ்கடிப்பார். பெற்றோர் சங்கத்தின் தீர்மானம் இது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, சங்கத்தின் வட்ட முத்திரையும் குத்தியாகிவிட்டது. அந்த ஊரில் முத்திரை குத்திவிட்டால் சூரியன்கூட மேற்கே உதிக்க வேண்டியதுதான்.

அந்தப் போன்களைச் சேர்க்க நில்டாவுக்கு இரண்டு வருடம் ஆனது. சாவ் பாவ்லோவிலும் புவெனோஸ் ஐரெஸிலும் தையல் கூடங்களில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்களிடம் கெஞ்சி வாங்கியவை. கண்ணாடி உடைந்தது, பட்டன் போனது, ஒரு பக்கம் மட்டும் கேட்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊனம். சம்பளத்தில் பாதி பழுதுபார்க்கவே போனது. ஆனால் ஆய்வுக்கூடமே இல்லாத அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போனை வைத்து எறும்பைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், மலையின் சரிவை அளந்தார்கள், ஒலி எவ்வளவு தூரத்தில் எவ்வளவு குறைகிறது என்று கோடு போட்டார்கள். அது கையை விட்டுப் போகப்போகிறது என்று நினைக்கும்போது அவளுக்கு அழுகைதான் வந்தது. அழுதால் அதற்கும் ஆன்மா போய்விட்டது என்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

எல்லாம் மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் வகுப்புப் பையன் லிம்பெர்ட் மயங்கி விழுந்ததில் தொடங்கியது. விழும்போது அவன் கையில் வகுப்புப் போன் ஒன்று இருந்தது. அவ்வளவுதான். மாலைக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. போன் பையனின் அஹாயுவை உறிஞ்சிவிட்டது.

பயந்த பிள்ளையை விட்டு அஹாயு, அதாவது ஆன்மா, நழுவிப் போய்விடும் என்பது அங்கே காலங்காலமாக இருக்கும் நம்பிக்கை. அம்மாவே பிள்ளையின் தொப்பியை எடுத்துக்கொண்டு விழுந்த இடத்துக்குப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவாள். செலவில்லாத வேலை. செலவில்லாத வேலையை ஊரில் எவனாவது விட்டுவைப்பானா? குரு அமாரு வந்து சேர்ந்தார்.

அடையாள அட்டையில் அவர் பெயர் ஃப்ரெடி. கருப்பு சூட், அதன் மேல் சிவப்புப் போர்வை, கழுத்தில் கொண்டைக்கழுகின் இறகு, இடுப்பில் மூன்று சிம் போட்ட போன். அவருடைய கண்டுபிடிப்பு இதுதான். போன் தின்ற ஆன்மா ஏரிக்கு அடியில் போய்ச் சேர்கிறது. அதைத் தொப்பியை ஆட்டிக் கூப்பிட்டால் வராது. போன் போட்டுத்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டார். ஆன்மா எடுத்தது.

"அம்மா, குளிருது" என்று மெல்லிய குரல் ஸ்பீக்கரில் கேட்டதும் லிம்பெர்ட்டின் அம்மா ஃபெலிசிடாட் முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் லிம்பெர்ட் நின்றுகொண்டு, "அது நான் இல்லம்மா" என்றான். "உனக்கென்னடா தெரியும், நீ வெறும் உடம்பு" என்று அதட்டினாள். ஓர் ஆன்மாவை ஒருமுறை கூப்பிட ஐம்பது பொலிவியானோ. மூன்று தவணையில் திரும்பி வரும். சில நேரம் லைன் கிடைக்காது. அப்போது குரு கண்ணை மூடிக்கொண்டு, "எல்லா ஆன்மாவும் பேசிட்டிருக்கு. கொஞ்சம் பொறுங்க" என்பார். பொறுத்தார்கள்.

நில்டா சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். "போன்தான் ஆன்மாவைத் தின்னுதுன்னா, உங்க ஆன்மாவை மட்டும் உங்க போன் ஏன் தின்னல?"

"என் போன் விரதம் இருக்கு, டீச்சர்" என்றார் குரு. "செவ்வாயும் வெள்ளியும் சார்ஜ் போட மாட்டேன்."

கூட்டம் மெய்சிலிர்த்தது. சங்கத் தலைவர் ஹிலாரியோன் தார்க்கி அந்தப் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். 'விரதம் இருக்கும் போன் பற்றிக் குரு விளக்கினார். அனைவரும் ஏற்றனர்.' முத்திரை.

இன்றும் வெள்ளி. குருவின் போன் பட்டினி கிடந்தபடியே காலையிலிருந்து நாற்பது ஆன்மாக்களோடு பேசிவிட்டது. நில்டா சாக்கைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அவள் பின்னால் ஐந்தாம் வகுப்பு. பதினொன்றரை மணிக்கு மறுபடியும் ஃபெலிசிடாட்டின் முறை. மூன்றாம் தவணை.

"மகனே, கிளம்பிட்டியா?" என்றாள் போனைப் பார்த்து.

"பாதி வழியில இருக்கேம்மா. ஏரி ரொம்ப ஆழம்."

அப்போது தெருவில் கேஸ் வண்டி வந்தது. கேஸ்காரர் ஸ்பேனரால் சிலிண்டரில் டாங், டாங் என்று அடித்துக்கொண்டே போவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் ஊர் காலிச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வெளியே வரும். டாங் என்றது தெரு. குருவின் ஸ்பீக்கரும் டாங் என்றது.

யோசெலின் கையைத் தூக்கினாள். வகுப்பில் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை. "டீச்சர், ஏரிக்கு அடியிலயும் கேஸ் வண்டி போகுமா?"

முற்றமே குருவைத் திரும்பிப் பார்த்தது. குரு ஒரு நொடிதான் திணறினார். "கீழ்லோகத்துலயும் சமைக்கணும்ல, கண்ணு."

அதானே என்று கூட்டம் தலையாட்டியது. பின்னாலிருந்து ஓர் அம்மா, அங்கே சிலிண்டர் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதா என்று விசாரித்தாள். நில்டாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவள் மனசுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. ஸ்பீக்கரில் அதே சத்தம் வளர்ந்துகொண்டே வந்தது.

"குருவே, லைனை மட்டும் வெச்சிராதீங்க" என்றாள். "பாதி வழியில வர்ற பிள்ளையை நட்டாத்துல விடலாமா?"

"அதானே, வெச்சிராதீங்க சாமி" என்று ஃபெலிசிடாட் குருவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பன்றிக்கறிக் கடையில் வேலை பார்க்கும் கையின் பிடி. குருவால் விரலை அசைக்க முடியவில்லை.

நில்டா சாக்கை அவிழ்த்துப் போன்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். ஹிலாரியோன் குறுக்கே வந்தார். "டீச்சர், தீர்மானப்படி அது பன்னெண்டு மணிக்கு..."

"இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, தலைவரே. அதுவரைக்கும் இது வகுப்போட சொத்து. நீங்கதான் எழுதியிருக்கீங்க."

தலைவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். எழுதித்தான் இருந்தது. முத்திரைக்கு முன்னால் அவர் என்ன செய்ய முடியும்? விலகி நின்றார்.

வழக்கமான பாடம்தான். ஒலி கூடக் கூடக் கோடு உயரும் திரையைத் திறந்துகொண்டு இரண்டு பிள்ளைகள் குருவின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தார்கள். மற்றவர்கள் கேஸ் வண்டியை நிறுத்த ஓடினார்கள். கேஸ்காரர் சிமோன் லாருதா, வகுப்பில் படிக்கும் பிள்ளையின் அப்பா.

"ஒவ்வொரு சந்துக்குள்ளயும் போங்கண்ணே. மெதுவா. அடிச்சுக்கிட்டே போங்க" என்றாள் நில்டா.

"யாருக்கு டீச்சர் சிலிண்டர்?"

"ஆன்மாவுக்கு."

சிமோன் வண்டியைக் கிளப்பினார். காலையிலிருந்து அதைவிட விசித்திரமானதையெல்லாம் அந்தத் தெருவில் கேட்டிருந்தார்.

முதல் சந்து. டாங். "கோடு முழங்கால் உயரம்" என்று முற்றத்திலிருந்து கத்தினார்கள். இரண்டாம் சந்து. "இடுப்பு வரைக்கும்." இப்போது கூட்டமே வரிசையை விட்டுவிட்டுக் கேஸ் வண்டியின் பின்னால் நடந்தது. தொப்பிகளும் நாய்ப்பட்டையும் மினிபஸ் சாவியும் கூடவே போயின. நடுவில் விவரம் தெரியாத நான்கு பேர் காலிச் சிலிண்டரையும் உருட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். ஃபெலிசிடாட் குருவை இழுத்துக்கொண்டு வந்தாள், அளக்கும் இரண்டு பிள்ளைகளும் கூடவே. மகன் கரையேறும் இடத்தில் குரு பக்கத்தில் இருக்க வேண்டாமா?

மூன்றாம் சந்தின் முனையில், கறிக்குழம்பை மாவுக்குள் அடைத்துச் சுடும் சால்தேன்யா விற்கும் வண்டிக்கடை. சிமோன் ஓர் அடி அடித்தார். குருவின் ஸ்பீக்கர் அலறியது. பிள்ளைகள் கோட்டைப் பார்த்துவிட்டு, "தலைக்கு மேல, டீச்சர்" என்றார்கள்.

கடை பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூன்று போன்கள், ஒரு பெயர்ப் பட்டியல். ஒரு கையில் சால்தேன்யா, அதன் குழம்பு முழங்கை வரை வழிந்திருந்தது. காதில் வைத்த போனில் வாய் நிறைய மென்றுகொண்டே, "அம்மா, இங்க ரொம்பக் குளிருது" என்றாள்.

"அம்மா, இங்க ரொம்பக் குளிருது" என்றது குருவின் இடுப்பு.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நானூறு பேர், ஒரு கேஸ் வண்டி, தன் வீட்டுக்காரர். அவள் விழுங்கிவிட்டுப் போனில் சொன்னாள். "ஃப்ரெடி, ஆளுங்க வந்துட்டாங்க."

அதுவும் ஸ்பீக்கரில் வந்தது.

ஃபெலிசிடாட்டின் பிடி தளர்ந்த அந்த ஒரு நொடியில் ஃப்ரெடி ஓட்டமெடுத்தார். ஓடும்போதும் தொழிலை மறக்கவில்லை. வழியில் பள்ளி முற்றத்தில் கிடந்த சாக்கையும் தூக்கிக்கொண்டே ஓடினார். சாக்கில் இருந்தவை பத்துச் சார்ஜர்களும், தலைவர் பத்திரமாக இருக்கட்டும் என்று போட்டுவைத்த தீர்மானப் புத்தகமும்தான். போன்கள் பிள்ளைகள் கையில் இருந்தன.

மாலை சங்கம் அவசரமாகக் கூடியது. ஹிலாரியோன் வியர்த்துப்போயிருந்தார். "போனை ஏரியில போடுறதுன்னு போட்ட தீர்மானத்தை ரத்து பண்ணணும். ஆனா அந்தத் தீர்மானம் புத்தகத்துல இருக்கு. புத்தகம் அவன்கிட்ட இருக்கு. ரத்து பண்ணணும்னா அவனைத்தான் கேக்கணும்."

"அப்ப அந்தத் தீர்மானமும் போயிருச்சுன்னு அர்த்தம், தலைவரே" என்றாள் நில்டா. "புதுப் புத்தகம் வாங்கி முதல் பக்கத்துல எழுதுங்க. போன் வகுப்புல இருக்கும்னு."

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. ஃபெலிசிடாட் மட்டும் எழுந்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "அது சரி டீச்சர். அப்போ என் பிள்ளை ஏன் விழுந்தான்?"

நில்டா லிம்பெர்ட்டைக் கூப்பிட்டாள். "அன்னைக்குக் காலையில என்னடா சாப்பிட்ட?"

பையன் அம்மாவைப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல டீச்சர். அம்மா நாலு மணிக்கே கடைக்குப் போயிட்டாங்க. முந்தின ராத்திரியும் இல்ல."

மூன்று வாரம் ஏரிக்கு அடியில் தேடிய பதில் முற்றத்திலேயே, எல்லார் கண் முன்னாலும், ஒட்டிய வயிற்றோடு நின்றிருந்தது. ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. நில்டாவும் கேட்கவில்லை. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஃபெலிசிடாட் தவணையாகக் கட்டிய பணத்தில் பையன் இரண்டு மாதம் காலையில் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை புதுப் புத்தகம் வந்தது. ஹிலாரியோன் முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதினார். போன்கள் வகுப்பில் இருக்கும். பிள்ளைகளுக்குக் காலை உணவு சங்கமே சமைக்கும். அழுத்தி முத்திரை குத்தினார். பிறகு நில்டாவை ஓரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பழைய புத்தகத்தைத் திருட்டுக் கொடுத்த ராசியில்லாத கை என்னது. இந்தப் புதுசுக்குப் புகை போட்டுக் கழிப்பு கழிக்க நம்பிக்கையான ஆள் யாராவது தெரியுமா, டீச்சர்?"

ஆன்மா காணோம் என்று அந்த ஊரில் நானூறு பேர் வரிசையில் நின்றார்கள். அறிவு காணோம் என்று இன்றுவரை ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை. அதைத் தேட ஏரிக்குப் போக வேண்டியதில்லை, ஐம்பது பொலிவியானோவும் வேண்டாம். வாயைத் திறந்து 'எப்படி' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.