கேம்பர் வானுக்குள் சாம்பிராணி

என் மனைவி மயங்கிக் கிடந்தபோது நான் முதலில் தூக்கியது அவளை அல்ல, சாம்பிராணிச் சட்டியை. அதைவிடப் பெரிய குற்றம், நடந்ததற்கான பழியை அவளுடைய ஒரே தம்பியின் தலையில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் நிம்மதியாகச் சாப்பிட்டது. இதையெல்லாம் செய்தவன் வாழ்நாள் முழுக்க இரசாயனவியல் படிப்பித்தவன் என்பதை நினைக்க எனக்கே இன்னும் திகைப்பாக இருக்கிறது.

நாங்கள் லண்டனில் குட்மேய்ஸில் இருக்கிறோம். மனைவியின் பெயர் சரோ. அவளுடைய தம்பி குகன் ஜெர்மனியில் கடை வைத்திருக்கிறான். ஒரு பழைய வான் வண்டியை வாங்கி, அதற்குள் கட்டில், அடுப்பு, சுடுதண்ணீர்க் குளியல், காஸ் ஹீட்டர் எல்லாம் தன் கையாலேயே பூட்டி அதை ஒரு வீடாக்கியிருந்தான். அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே நல்ல தை மாதக் குளிரில் அதை லண்டனுக்கு ஓட்டி வந்தான். வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திய அதே கிழமை எங்கள் வீட்டைச் சூடாக்கும் பொயிலர் நின்றுபோயிற்று. வெளியே தண்ணீர்க் குழாயில் பனிக்கட்டி தொங்கியது. வீட்டுக்குள் நான் தொப்பியோடு சோறு சாப்பிட்டேன். திருத்துகிறவர் வருவார் என்றார்கள். என்றைக்கு என்று சொல்லவில்லை.

குகன் தான் ஈஸ்ட் ஹாமில் ஒரு நண்பனோடு தங்குவதாகவும், நாங்கள் இருவரும் வானுக்குள் இருக்கலாம் என்றும் சொன்னான். ஹீட்டரை அளவாகப் போட வேண்டும், தரையிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துவாரங்களை மட்டும் ஒருநாளும் அடைக்கக்கூடாது, சுவரில் இருக்கும் எச்சரிக்கைக் கருவியைத் தொடக்கூடாது என்று பாடம் எடுத்தான். நான் தலையாட்டினேன். (எனக்கே காற்றைப் பற்றிப் பாடமா என்று மனதுக்குள் சிரித்தேன். வெளியே தெரியாமல் சிரிப்பதில் ஆசிரியர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.)

நான் ஹீட்டரை அளவாகப் போடவில்லை. முழு வேகத்தில் போட்டு, கதவையும் திறந்து வைத்து, தெருவில் போனவர் வந்தவருக்கெல்லாம் வானைச் சுற்றிக் காட்டினேன். ஏதோ நானே பூட்டியது போல விளக்கமும் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை காஸ் தீர்ந்தது; சரோவிடம் அதைச் சொல்லவில்லை. குகனுக்கு ஒரு போன் எடுத்தால் போதும். ஆனால் எடுத்தால், "அளவாப் போடச் சொன்னனான் எல்லே அத்தான்" என்பான். அதைக் கேட்பதைவிட விறைத்துச் சாவது மேல் என்று எனக்குத் தோன்றியது.

சரோ அப்போதுதான் மிச்சமிருந்த சுடுதண்ணீரில் தலை முழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு கட்டிலில் இருந்தாள். வெள்ளிக்கிழமை முழுகினால் அவளுக்குத் தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடிக்க வேண்டும். தலை உலர்த்தும் மெஷின் தலையிடியைக் கொண்டுவரும் என்பது அவள் கட்சி. எனக்கு மூளையில் ஒரு வெளிச்சம் அடித்தது. கூந்தலும் காயும், வானும் சூடாகும், குகனுக்கும் தெரியவராது.

கோடையில் இறைச்சி வாட்ட வாங்கிய கரி, பின்வளவுக் கொட்டிலில் மூட்டையாகக் கிடந்தது. அதைத் தோட்டத்தில் மூட்டி, எங்கள் பித்தளைச் சாம்பிராணிச் சட்டியில் தணலை நிரப்பினேன். சாம்பிராணிக்குப் போடும் அளவல்ல, ஒரு ஆட்டுக்கடாவை வாட்டும் அளவு. சாம்பிராணியைத் தூவி வானுக்குள் கொண்டுபோய்க் கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன். சூடு வெளியே போகாமல் இருக்க, அவள் காணாமல் துவாரங்களில் என் கம்பளிக் காலுறைகளைச் செருகினேன். காற்றுப் போதாத இடத்தில் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டாகும் என்று எத்தனை வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் சாம்பிராணியை நெருப்பு என்று எண்ணுவதில்லை. அது வாசம். அது வெள்ளிக்கிழமை. நானும் அன்றைக்கு அப்படித்தான் எண்ணினேன்.

கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த கருவி கத்தத் தொடங்கியது.

"இஞ்சேருங்கோ, என்ன உது கத்துது?"

"ஜெர்மன் சாமான். அதுக்குச் சாம்பிராணி வாசம் பழக்கமில்லைப் போல."

சரோ சிரித்தாள். நான் கருவியைக் கழற்றிக்கொண்டுபோய் வெளியே குப்பைத் தொட்டியின் மூடியில் வைத்துவிட்டு, தேத்தண்ணி போட வீட்டுக்குள் போனேன். எனக்கும் தலையை இடித்தது. பசி என்று நினைத்தேன். (பசி என்று நினைத்து இரண்டு வடையும் சாப்பிட்டேன். அங்கே அவள் மூச்சுக்குத் தவிக்கையில் நான் வடை சாப்பிட்டேன்.)

தேத்தண்ணியோடு வெளியே வரவும் குகன் மதியச் சாப்பாட்டுப் பையோடு கேற்றுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. குப்பைத் தொட்டியின் மேலே தன் கருவியைக் கண்டவன் பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வான் கதவைத் திறந்தான். சரோ கூந்தலை விரித்தபடி கட்டிலில் சரிந்து கிடந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அத்தான், காலைப் பிடியுங்கோ."

நான் அவள் காலைப் பிடிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் இருந்த சட்டியை வெறுங்கையால் தூக்கி வேலிச் செடிக்குப் பின்னால் எறிந்தேன். திரும்ப வந்து துவாரங்களில் இருந்த காலுறைகளை உருவிக் காற்சட்டைப் பையில் போட்டேன். அதற்குள் குகன் தன் அக்காவைத் தனியாகவே தோளில் போட்டு வெளியே கொண்டுவந்துவிட்டான். அவன் கண் அவளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. யோசித்துச் செய்ததாக இருந்தால்கூடப் பரவாயில்லை. யோசிக்கவே இல்லை. என் கை தானாகச் சட்டிக்குப் போயிற்று. என் உண்மையான குணம் எது என்று அந்தக் கை எனக்குக் காட்டிக் கொடுத்தது.

ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் கொடுத்தார்கள். இரத்தத்தில் காபனோரொட்சைட்டு ஏறியிருக்கிறது, உள்ளே என்ன எரிந்தது என்று தாதி கேட்டார். குகன் என் முகத்தைப் பார்த்தான்.

"ஹீட்டர்தான்," என்றேன். "இவர் தானே செய்து பூட்டினது."

கருவியை ஏன் கழற்றினேன் என்று குகன் கேட்டதற்கு, அதில் எழுதியிருந்ததை வெளிச்சத்தில் வாசிக்கக் கொண்டுபோனேன் என்றேன். பிறகு அவன் போய் வானைப் பார்த்திருக்கிறான். சிலிண்டர் வெறுமை. காஸ் முழுவதும் எரிந்து, தான் பூட்டிய புகைக்குழாய் இணைப்பில் நச்சுப் புகை உள்ளே கசிந்திருக்கிறது என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

என் கை கொப்பளித்துப் போயிருந்தது. கட்டுப் போட்டார்கள். கண் விழித்த சரோ அதைப் பார்த்துவிட்டு, "என்னைத் தூக்கப் போய்க் கையைச் சுட்டுப்போட்டியளே" என்று அழுதாள். நான் மறுக்கவில்லை. சொந்தக்காரர் பழங்களோடு வந்து, மாஸ்டர் தன் உயிரையும் பாராமல் மனைவியைக் காப்பாற்றினார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பழங்களை நான் தின்றேன்.

சரோ சாம்பிராணியை ஒருமுறை மட்டும் சந்தேகித்தாள். அதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று இரசாயன ஆசிரியன் சொன்னான். அவள் நம்பினாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"உன்ர விளையாட்டுச் சாமானுக்கு நான் செத்திருப்பன். இனி எனக்குப் போன் எடுக்காதை."

அவன் அந்தக் கிழமையே போய்விட்டான். அவள் வளர்த்த தம்பி அவன். நாடு நாடாகப் பிரிந்திருந்த காலத்திலும் பேச்சு விட்டதில்லை. இப்போது அவன் பெயரை எடுத்தால் அவள் எழுந்து போய்விடுவாள். சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். நான் பேப்பர் வாசிப்பேன்.

குளிர் போய்ச் செடிகள் பூத்த பிறகு ஒருநாள் குகன் எனக்குப் போன் எடுத்தான்.

"அத்தான், வானை முழுக்கக் கழட்டிப் பாத்திட்டன். எங்கை பிழை விட்டனான் எண்டு பிடிபடேல்லை. அக்காட்டைச் சொல்லுங்கோ, அதைப் பழைய இரும்புக்குக் குடுக்கப் போறன்."

நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. "அதை விடு தம்பி" என்றேன். பெருந்தன்மையான குரலில். போனை வைத்த பிறகு அந்தக் குரல்தான் காதுக்குள் நின்றது. அன்றிரவுச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன என்று சரோ கேட்டாள். கரி, காலுறை, காஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள்.

"அப்ப உந்தக் கை?"

"சட்டி சுட்டது."

"சட்டியை எடுத்தது என்னைத் தூக்க முன்னமோ, பிறகோ?"

"முன்னம்."

அவள் எழுந்து போனை எடுத்தாள். "தம்பி" என்று கூப்பிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். என்னிடம் போனைத் தரவில்லை.

நான் ஜெர்மனிக்குப் போய் அவன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். வான் துண்டு துண்டாக அவன் வீட்டுக் கராஜ் நிலத்தில் பரப்பிக் கிடந்தது. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அக்காவைக் கொல்லப் பாத்தவன் நான்தான் எண்டு இவ்வளவு நாளும் படுத்தெழும்பினனான் அத்தான்," என்றான். நிலத்தில் கிடந்த குழாயொன்றை எடுத்தான். "சரி, வந்தனீங்கள். உந்த முறுக்காணியைப் பிடியுங்கோ."

வானைத் திரும்பப் பூட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். நான் பூட்டியதையெல்லாம் நான் தூங்கிய பிறகு அவன் கழற்றிப் பூட்டினான் என்று பின்னர் அறிந்தேன்.

சரோ தன் தம்பியோடு எத்தனை மாதம் பேசாமல் இருந்தாளோ, அத்தனை மாதம் என்னோடு பேசாமல் இருந்தாள். ஒருநாள் குறைக்கவில்லை. சாப்பாடு ஆயிற்று என்பதைத் தொலைக்காட்சியிடம் சொல்வாள், நான் கேட்டுக்கொண்டு போய்ச் சாப்பிடுவேன். கதை சொந்தக்காரர் முழுக்கப் பரவிற்று. மண்டபத்தில் யாராவது இருமினால், "மாஸ்டர் எங்கை? என்ன பத்த வைச்சவர்?" என்று ஒரு குரல் எழும்பாமல் இப்போது எங்கள் பக்கத்தில் கல்யாணம் நடப்பதில்லை.

தை பிறந்தால் குகன் வருவான். வந்ததும் கோட்டைக் கழற்றாமலே வீட்டு யன்னல்கள் முழுவதையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, என் எதிரே வந்து உட்காருவான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

"அத்தான், குளிருதோ?" என்று கேட்பான்.

சமையலறையில் சரோ கரண்டியை நிறுத்திவிட்டு என் பதிலுக்குக் காது கொடுப்பது எனக்குத் தெரியும்.

"இல்லை," என்பேன், பல் கிடுகிடுக்க.