சொட்டு முசேயும் ஆலம் சுற்றிய காரும்

சைகோன் நகரத்தில் சொட்டுகிற எந்தப் பொருளும் சொட்டு முசேயின் கண்ணிலிருந்து தப்பியதே இல்லை. குழாய், கூரை, ஏசி, மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டம்மாளின் மீன் கூடை, எதுவானாலும் சரி. முதல் சொட்டு தரையில் விழுந்தால், இரண்டாவது சொட்டு விழுவதற்குள் மனிதர் அங்கே குந்தியிருப்பார்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. பாண்டிச்சேரிக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். எழுபத்தைந்தில் கம்யூனிஸ்டுகள் வந்து ஊர் தலைகீழாக மாறி, தெரிந்த தமிழர்களெல்லாம் மூட்டை கட்டியபோது, “எம் பொண்டாட்டி ஊரு இதுதானே முசே, நான் எங்க போறது?” என்று தங்கிவிட்டார். எதிர்ப்படுகிற எல்லோரையும் பிரெஞ்சுப் பழக்கத்தில் ‘முசே’, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார். சந்து முனை நாயும் முசேதான். அதனால் அவரும் எங்களுக்கு முசே ஆனார்.

அவருடைய ஒரே ஆயுதம் அட்டை. நூடுல்ஸ் பெட்டி அட்டையைக் கிழித்து, விடிந்ததும் சந்திலிருக்கும் வண்டிகளுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகிவிடுவார். அரை மணி கழித்து எடுத்துப் பார்ப்பார். கறுப்பு என்றால் ஆயில், சிவப்பு என்றால் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலண்ட். பிறகு அட்டையும் கையுமாகக் கதவைத் தட்டுவார். “முசே, உங்க வண்டிக்கு ஜலதோஷம்!” பல் துலக்குகிறவன், குளிக்கிறவன் என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

ஒரு ஞாயிறு மாதா கோவிலில் பூசை நடக்கும்போது தீர்த்தத் தொட்டி சொட்டுகிறது என்று அதற்கு அடியில் படுத்துவிட்டார். சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி, அவர் எழுந்து வரும்வரை காத்திருந்தாராம். டோங் டு தெருப் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளு செய்கிற குழாயை முறுக்கி நிறுத்தியதற்கு ஒரு தூக்கு பிரியாணி கிடைத்தது. அந்தத் தூக்கும் ஒழுகியது. பிரியாணியை அப்புறம்தான் சாப்பிட்டார்.

சிரித்துக்கொண்டேதான் எழுத ஆரம்பித்தேன். இனி சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது.

தொண்ணூறுகளில் ஒரு சிங்கப்பூர் கம்பெனியின் கிளை மேனேஜராக அங்கே போனேன். கம்பெனி ஒரு பழைய ஜப்பான் கார் கொடுத்திருந்தது. சந்திலேயே கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மிதப்புக்குக் கேட்க வேண்டுமா?

முசேயின் மனைவி இறந்து வெகுகாலம். ஒரே மகள் கடற்கரை ஊரான வுங் டாவில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். அவளுக்கு நிச்சயதார்த்தம். ‘தாம் ஹோய்’ என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் சிவப்புத் துணி மூடிய தட்டுகளோடு நல்ல நேரம் பார்த்துத் தெருவில் வந்து நிற்பார்கள். பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து அழைத்தால்தான் உள்ளே போவோம் என்று மாப்பிள்ளையின் மாமா கறாராகச் சொல்லியிருந்தார். காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம்.

“முதல் பஸ்ஸப் புடிச்சிடுவேன் முசே” என்றார்.

“நான் இருக்கும்போது பஸ்ஸா? என் கார்ல ராஜா மாதிரி கொண்டுபோய் இறக்குறேன்” என்றேன். வாய் என்னுடையது.

முந்தின நாள் பார்த்தால் ரேடியேட்டரின் ரப்பர் குழாய், ஓஸ், உப்பிப்போயிருந்தது. முசேயைக் கூப்பிட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. அவரிடம் போய்க் கேட்பதா? நானே புது ஓஸ் வாங்கி, நானே மாட்டி, நானே கிளிப்பை முறுக்கி, சிவப்புக் கூலண்டை ஊற்றி மூடினேன். கையைத் தட்டிக்கொண்டபோது பெரிய இன்ஜினீயர் என்று நினைப்பு.

மறுநாள் விடியற்காலை என் மனைவி குறுக்கே நின்றாள். “ஏங்க, ரிப்பேர் பார்த்த வண்டி. பொண்ணு காரியத்துக்குப் போறீங்க. சுத்திப்போடாம எடுக்கக் கூடாது.” சைகோன் முருகன் கோவிலில் வாங்கிவந்த எலுமிச்சம்பழம் நான்கையும் டயருக்கடியில் வைத்தாள். அவள் சூடம் காட்டி முடிக்கும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பழத்தை நசுக்கி நிறுத்தினேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆலத்தை மூன்று முறை சுற்றி வண்டிக்கு முன்னால் ஊற்றினாள்.

முசே வந்தார். வெள்ளை சூட்டு, கழுத்தில் டை, பளபளவென்று சப்பாத்து. வந்தவர் காரில் ஏறவில்லை. குந்திவிட்டார்.

“முசே, அடியில செவப்பா நிக்குதே.”

“ஆலம் முசே. இப்பத்தானே ஊத்தினா.”

விரலால் தொட்டு முகர்ந்தார். “ஆலம் முன்னாடி கெடக்குது. இது எஞ்சினுக்கு அடியில. மஞ்சள் வாசனையே காணோம், தித்திப்பா அடிக்குது. கூலண்டு முசே.”

“தரை சாய்வா இருக்கு, ஓடி வந்திருக்கும்.”

“அஞ்சே நிமிஷம் குடுங்க. ஒரு அட்டைய வெச்சிப் பாத்துடலாம்.”

சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. மனைவியும் பார்த்தாள். என் கைவேலையை ஒருவர் எல்லோர் எதிரிலும் சோதிப்பதா? சுருக்கென்று சொல்லிவிட்டேன். “நீங்க வேதக்காரங்க முசே. ஆலத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ஏறுங்க.”

முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “எங்க ஊட்டுக் கல்யாணத்துலயும் ஆலம் சுத்துவாங்க முசே” என்றார். அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்தார்.

பாதி வழி தாண்டியதும் சூடு காட்டுகிற முள் மேலே ஏறியது. முசே முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. ஒரு சாப்பாட்டுக் கடை ஓரமாக நிறுத்தினேன். மணி எட்டு.

இறங்கிய வேகத்தில் ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தேன். பட்டென்று என் கையைத் தட்டிவிட்டார். “வெந்துபூடும் முசே! ஆறட்டும்.” எட்டரை ஆயிற்று. எட்டே முக்கால் ஆயிற்று. ஒரே ஒரு தடவைதான் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு இருப்புக் கொள்ளாமல் கடைக்குள் ஓடி, கையில் கிடைத்த குளிர்ந்த டீ ஜாடியைத் தூக்கிவந்தேன்.

“எஞ்சினுக்கு டீயா முசே?” என்றார். “பிஸ்கோத்து எங்க?”

அதையே அவர் வியட்நாம் மொழியில் சொல்ல, அந்த நிலையிலும் கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வாளி தண்ணீர் கொடுத்தவளும் அவள்தான்.

ஓஸ் கழன்று தொங்கியது. கிளிப்பை நான் குழாயின் விளிம்பிலேயே மாட்டி முறுக்கியிருந்தேன். சூடேறியதும் நழுவிவிட்டது. முசே அதைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டோடு உள்ளே குனிந்து, ஓஸை நன்றாக உள்ளே தள்ளி, கிளிப்பை நகர்த்தி, பேனாக்கத்தி முனையால் முறுக்கினார். நிமிர்ந்தபோது இரண்டு கோட்டுக் கையும் சிவப்பு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் தெருவிலேயே நின்றார்கள். வாசலில் அந்தப் பெண் அழுதழுது முகத்துப் பூச்செல்லாம் கலைந்திருந்தது. மாப்பிள்ளையின் மாமா நேராக என்னிடம் வந்து, காரைக் காட்டிக் கத்த ஆரம்பித்தார்.

முசே நடுவில் புகுந்தார். “லோய் குவா தோய்” என்றார். என் தப்பு என்று அர்த்தம். ஓஸைத் தானே மாட்டியதாகவும், கிளிப்பைச் சரியாக முறுக்கவில்லை என்றும் சொன்னார்.

சொட்டு முசே சொன்னார்! ஊர்க் கசிவையெல்லாம் நிறுத்திய மனிதர், தனக்கு ஒரு கிளிப் முறுக்கத் தெரியாது என்று புதுச் சம்பந்தி முன்னால் தலையைக் குனிந்தார். எனக்கு வியட்நாம் மொழி அரைகுறைதான். ஆனால் அந்த மூன்று சொல் அத்துப்படி. ஆபீஸில் தினம் யாரையாவது மிரட்டிச் சொல்லவைக்கிற சொற்கள். யாரோ என் கையில் ஒரு டீக் கோப்பையைக் கொடுத்தார்கள். ஒன்றும் புரியாதவன் போல நான் அதைக் குடித்தேன்.

பதினோரு மணிக்கு அடுத்த நல்ல நேரம் இருந்தது. சிவப்புக் கறைக் கையோடு முசே தட்டுகளை வாங்கினார். விருந்தில் என் கிண்ணத்தில் ஆளாளுக்கு மீன் துண்டை எடுத்து வைத்து உபசரித்தார்கள். நன்றாகவே சாப்பிட்டேன்.

திரும்பும்போது கேட்டேன். “ஏன் முசே அப்படிச் சொன்னீங்க?”

“உங்க வண்டியில வந்துட்டு, உங்களத் திட்டு வாங்க வுடலாமா?” என்றார். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல என் காருக்கு அடியில் அட்டை இருந்தது.

அவர் காலமான மறுவருஷம் எனக்கு இந்தியாவுக்கு மாற்றல் வந்தது. கிளம்புமுன் வுங் டாவுக்குப் போய் அவர் மகளிடம் உண்மையைச் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

“அங்கிள், அது அன்னைக்கே எல்லாருக்கும் தெரியுமே!” என்றாள், அப்பாவிடம் கற்ற தமிழில். “அப்பா மாட்டினது கசியுமா? நான்தான் மாமாகிட்ட சொன்னேன். அப்பா யாரையோ காப்பாத்துறாரு, பேசாம இருங்கன்னு.”

ஆக, தெரிந்துதான் அத்தனை பேரும் என் கிண்ணத்தில் மீனை எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த விருந்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு குறுகுகிறது.

இப்போது சென்னையில் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் காருக்கு அடியில் ஓர் அட்டையைச் செருகுகிறேன். “சார், வண்டி நல்லாத்தானே இருக்கு?” என்று வாட்ச்மேன் தினமும் கேட்கிறார். இன்று காலையும் குந்தி உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. கொண்டுபோய்க் காட்டத்தான் முசே இல்லை.