ஈரல் இல்லாத மாமியார்

சந்தைக்குப் பின்னால் இருந்த பழைய மரச்சாமான் கிடங்கில் சொட்டுச் சாமி வந்து இறங்கிய மாதத்தில் எங்கள் ஊரில் ஒருவருக்கும் கல்லீரல் சரியில்லை. அதற்கு முந்தின மாதம் வரை எல்லாருக்கும் நன்றாகத்தான் இருந்தது.

வரிசை கிடங்கு வாசலில் பிறந்து, மருந்துக் கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். பேருந்துக்குத்தான் நிற்கிறோம் என்று நினைத்துச் சேர்ந்துகொண்டவர்களும் உண்டு. விரலில் ஊசி ஏறிய பிறகுதான் அவர்களுக்கு விவரம் தெரியும். அவர்களும் ஈரல் கெட்டவர்களாகவே வெளியே வந்தார்கள். அந்த வரிசையிலேயே இரண்டு கல்யாணம் நிச்சயமானது. நம்பவில்லையா? நல்லது, அந்தப் பழக்கம் கடைசி வரை இருக்கட்டும். ஒன்றுதான் நிச்சயமானது.

ஓய்வு பெற்றவனுக்கு வேடிக்கை பார்ப்பதுதான் உத்தியோகம். நான் தினமும் போனேன்.

சாமியின் எதிரில் இரண்டு கூஜாக்கள். சிவப்புத் துணி கட்டியதில் 'கேள்வி நீர்', வெள்ளைத் துணி கட்டியதில் 'பதில் நீர்'. புதிதாக வருகிறவருக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் கேள்வி நீர் ஊற்றுவார். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விடுவார். சொட்டு விழுந்த இடத்தில் புசுபுசுவென்று நுரை பொங்கும். பார்த்தவர் முகம் கிண்ணத்தைவிட வெளுத்துப் போகும்.

"நம்ம முன்னோர் சும்மாவா பேர் வெச்சாங்க?" என்று ஆரம்பிப்பார் சாமி. "கல்லீரல். கல்லாட்டம் இருக்கணும். கெட்டுப்போனா நுரைக்கும். நுரைச்சா அது நுரையீரல். அப்பவும் கவனிக்கலைன்னா மண்ணாப் போகும். அது மண்ணீரல். அதுக்கு மேல ஆளே மண்ணு."

கூட்டத்துக்குப் புல்லரித்தது. "தமிழ்லயே இருக்கே சார், இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்று என் தோளை இடித்துக் கேட்டார் ஒரு பட்டதாரி. பிறந்ததிலிருந்து எல்லார் நெஞ்சிலும் இரண்டு நுரையீரல் மூச்சு வாங்கிக்கொண்டுதானே இருக்கிறது என்று திருப்பிக் கேட்க ஒருவருக்கும் மூச்சு வரவில்லை.

அப்புறம் கறுப்பாக ஒரு தைலம். அதைக் குடித்து முடித்து வந்தால் இந்த முறை பதில் நீர். சொட்டு விழும். நுரை வராது. ஈரல் மறுபடி கல். கைதட்டல்.

இதெல்லாம் எனக்கு வெறும் தமாஷாகத்தான் இருந்தது, வரிசையில் என் தங்கையின் கணவரைப் பார்க்கும் வரை.

மாப்பிள்ளை டயர் கடை வைத்திருக்கிறார். அவர் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி ஒன்று வெகுகாலமாகச் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அது ஒரு நாள் ஈரலில் புற்றுநோயைக் கிளப்பிவிடலாம், அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. ஸ்கேனுக்குக் கடை நேரம் போகிறது என்று ரத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த முறை அதில் ஒரு எண் ஏறியிருந்தது. உடனே ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். அவர் சாமியிடம் வந்துவிட்டார்.

"ஏன் மாப்பிள்ளை இப்படி?" என்றேன்.

"அந்த டாக்டரம்மாவைக் கேட்டா, கேன்சராவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இந்த நம்பரை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாங்க. படிச்சவங்க பேசற பேச்சா மச்சான் இது? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு நானே சொல்லுவேனே. சாமி பாருங்க, ஒரு சொட்டு, ஒரே பேச்சு."

"நுரையை எப்படி நம்பறீங்க?"

"நான் நம்பாம வேற யார் நம்பறது? வாழ்க்கை பூரா டியூபைத் தண்ணித் தொட்டியில முக்கிக் குமிழி பாக்கறவன் நான். குமிழி வந்தா ஓட்டை. வரலைன்னா ஓட்டை இல்லை. குமிழி பொய் சொல்லாது மச்சான்."

தைலம் முடிந்தது. பதில் நீரும் பதில் சொல்லிவிட்டது. நுரை இல்லை. ஸ்கேன் வேண்டாம் என்று மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லியும் விட்டார்.

என் தங்கை இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிறவள். அதாவது, எதையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். அன்று அடுப்படியில் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை விசாரித்தாள்.

"அண்ணே, நீதான் தினமும் போறியே. முதல் தடவை வந்தவங்கள்ல யாருக்காவது நுரைக்காம இருந்திருக்கா?"

"எல்லாருக்கும் நுரைச்சுது."

"தைலம் குடிச்சவங்கள்ல ஒருத்தருக்காவது நுரைச்சுதா?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"தப்பே வராத கேஸ் வந்தா எங்க ஆபீஸ்ல அதைத்தான் முதல்ல தனியா எடுத்து வைப்போம்" என்றாள். "அந்த டாக்டரம்மா தப்பாவும் இருக்கலாம்னு சொல்றாங்க பாரு, அவங்களை நம்பலாம்." பிறகு காய்கறிக் கூடையைக் கிளறினாள்.

மறுநாள் நன்றிக் காணிக்கை வைக்கக் கிளம்பிய மாப்பிள்ளையை முன்னால் விட்டு நாங்கள் பின்னால் போனோம். தங்கை பக்தி சொட்டச் சொட்ட ஒரு கும்பிடு போட்டாள்.

"சாமி, என் மாமியார். எழுந்து நடக்க முடியாதவங்க. குப்பியில ரத்தம் கொண்டாந்திருக்கேன்."

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அவருடைய அம்மா அந்த நேரம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் நான் அவர் காலை மிதித்தேன்.

வர முடியாதவர்களுக்குக் காணிக்கை கொஞ்சம் அதிகம், மற்றபடி தடையில்லை என்றார் சாமி. கேள்வி நீர். ஒரு சொட்டு. நுரை கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டது.

சாமி கண்ணை மூடினார். "தாயே, நுரையீரலும் தாண்டிப்போச்சு. மண்ணாக ஆரம்பிச்சுட்டுது. ரொம்ப வருஷமா மனசுக்குள்ள கோபத்தை வெச்சிருக்காங்க உன் மாமியார்."

"தோல்கூட உரிஞ்சு போச்சு சாமி" என்று சொல்லிவிட்டு, தங்கை கைப்பையிலிருந்து தோல் சீவிப் பாதி துருவிய ஓர் உருளைக்கிழங்கை எடுத்துக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். "இவங்கதான். சிவப்பா தெரியறதுக்குக் கொஞ்சம் பீட்ரூட் சேத்தேன். நுரைக்கலைன்னா உருளைக்கிழங்குக்கு ஈரல் நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீங்க. அப்பவும் இதைத்தான் எடுத்து வெச்சிருப்பேன்."

கிடங்கு அதிர்ந்தது. சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்து பல்லிகள் உதிர்ந்தன. சரி, ஒரு பல்லி.

சாமி லேசுப்பட்டவர் இல்லை. "கிழங்கு எங்க விளையுது? மண்ணுக்குள்ள. அப்ப மண்ணீரல்தானே? நீர் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார். நான் சொல்வது சத்தியம், பட்டதாரி தலையாட்டினார்.

சிரிப்பு அடங்கியது. தங்கையின் முகம் விழுந்துவிட்டது. கூட்டம் மறுபடி சாமியின் பக்கம் சாய்வது தெரிந்தது.

மாப்பிள்ளை மட்டும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சர் பார்க்கும் போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"டியூபே போடலையே" என்றார் மெதுவாக. "டியூபே போடாத தொட்டியில குமிழி வந்தா, கோளாறு தொட்டியிலதானே."

நேராகப் போனார். கேள்வி நீரைத் தானே ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். ஊசியை எடுத்துத் தன் விரலில் குத்தினார். தைலம் குடித்துக் குணமான விரல், கல்லாகிவிட்ட ஈரலுக்குச் சொந்தக்காரரின் விரல். சொட்டு விழுந்தது. பொங்கியது பாருங்கள் நுரை, துணி துவைத்திருக்கலாம்.

அடுத்து பதில் நீரை ஊற்றி அதே விரலைப் பிழிந்தார். அது சமர்த்தாகக் கிடந்தது.

"இப்ப உங்க விரலைக் குடுங்க சாமி" என்று புது ஊசியை நீட்டினார். "சிவப்புக் கூஜாவுல. உங்களுக்குத்தான் ஈரல் கல்லாச்சே, நுரைக்காது."

சாமி இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். "எனக்கு ரத்தம் ஆகாது" என்றார். ஊரையே குத்தியவர்.

கூட்டம் அவர் கை வெளியே வரக் காத்திருந்தது. வரவில்லை. யாரோ சாமிக்குப் பின்னால் தொங்கிய திரையை இழுத்தார்கள். அங்கே புண் கழுவுகிற மருந்துப் புட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. சிராய்ப்பில் ஊற்றினால் புசுபுசுக்குமே, அதே மருந்து. எந்த ரத்தத்துக்கும் நுரைக்கும், நல்லவன் கெட்டவன் பார்க்காது. பச்சை உருளைக்கிழங்குக்கும் விதிவிலக்கு இல்லை. வெள்ளைக் கூஜாவில் இருந்தது குழாய்த் தண்ணீர். தைலத்தை முகர்ந்து பார்த்தவர்கள் அது என்னவென்று இன்றுவரை சொல்ல மறுக்கிறார்கள்.

மாப்பிள்ளை அங்கே நின்று வேடிக்கை பார்க்கவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டே வண்டியை எடுத்தார், தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேராக ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு.

திராட்சை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. சின்னதாக இருக்கும்போதே வந்ததால் வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தும் விட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் பதில் நீரை நம்பியிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றார் டாக்டரம்மா. ஈரல் இறுகிக் கெட்டிப்படவும் ஆரம்பித்திருக்கிறதாம்.

"கெட்டியானா நல்லதுதானே டாக்டர்? பேரே கல்லீரலாச்சே" என்றார் மாப்பிள்ளை, பழக்கதோஷத்தில்.

"மெத்துனு இருக்கணுங்க. கல்லாகறதுதான் வியாதி."

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் ஸ்கேனும். 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்பதை மாப்பிள்ளை மரியாதையோடு கேட்டுக்கொள்கிறார்.

சாமி கூஜாக்களோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். உங்கள் ஊராகவும் இருக்கலாம். வந்தால் பதில் நீரை அவரிடமே விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமலே வைத்திருந்தால் மூளையும் முதலில் கல்லாகும், அப்புறம் நுரைக்கும், கடைசியில் மண். அதற்கு ஸ்கேன் எடுத்தாலும் தெரியாது.