குதிரைக்குளத்து நீர் எடுப்பு வைபவம்

கிட்ட வந்து குந்துங்க. தூரத்துல இருந்து கேட்டா இது பொய் மாதிரி இருக்கும். கிட்ட இருந்து கேட்டா அரசாங்க உத்தரவு மாதிரி இருக்கும்.

அறுபத்தி நாலாம் வருஷம். செஞ்சிக் கோட்டை அடிவாரத்துல குதிரைக்குளம். ராஜா காலத்துல குதிரைங்க குடிச்ச தண்ணி. குதிரைங்க போனப்புறம் காலனி ஜனங்க குடிச்சாங்க. ஊர்க்கிணத்துல அவங்க குடம் இறங்கக்கூடாது. அதனால குதிரைக்கு அடுத்த வாரிசு அவங்கதான்.

அந்த வருஷம் தொன்மை பேணும் ஆபீஸ்னு ஒண்ணு வந்து இறங்குச்சு. அதிகாரி பேரு கலியபெருமாள். குளத்தைச் சுத்தி முள்கம்பி இழுத்து, பலகை நட்டாரு. ‘இஃது புராதனச் சின்னம். எவரும் நீர் எடுத்தலாகாது.’ அடுத்த தண்ணிக்கு ரெண்டு மைல் நடக்கணும்.

காலனி மீனம்பாள் வெறுங்குடத்தோட ஜாஹிதா பேகம் வீட்டுக்குப் போனா. ஜாஹிதா பேகம் வெளியூர்க் காலேஜ்ல பன்னண்டு வருஷமா சரித்திரப் புரொபசர். ஊருக்கு டீச்சரம்மா. கோட்டையைப் பாத்துக்கிற ஊர்க் குழுவுலயும் மூணு வருஷமா உறுப்பினர். குழுவுல ஒரு பெண்மணி இருக்கணும்னு விதி. வர்ற பெரியவங்களுக்குப் பன்னீர் தெளிக்கிறது அந்தப் பெண்மணிக்கு ஒதுக்கப்பட்ட பொறுப்பு. அந்த மூணு வருஷத்துல அந்தம்மாகிட்ட சரித்திரம் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“இன்னா டீச்சரம்மா, நேத்து வரைக்கும் குடிச்ச தண்ணி இன்னிக்கு சரித்திரம் ஆயிடுச்சாமே? வீட்ல புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க.”

டீச்சரம்மா நேரா ஆபீசுக்குப் போச்சு.

“சார், தண்ணி எடுக்கத்தானே குளம் வெட்டுனாங்க?”

“வாஸ்தவம். ஆனா எடுத்தா அது வெறும் குளம். எடுக்காம விட்டாத்தான் புராதனம்.”

“அவங்க பரம்பரையா குடிக்கிறாங்களே.”

“ஆதாரம் வேணுமேம்மா. குதிரை தூண் சிற்பத்துல இருக்குது. இவங்க எந்தத் தூண்ல இருக்காங்க?”

டீச்சரம்மா மேஜை மேல இருந்த விதிப் புஸ்தகத்தைப் பாத்துச்சு. அப்புறம், “பாரம்பரிய வைபவம்னா அனுமதி உண்டா சார்?”

கலியபெருமாள் விதிப் புஸ்தகத்தைப் புரட்டுனாரு. “தலைமை தாங்க ஒரு பிரமுகர், மாலை மரியாதை, சிறப்புரை இருந்தா தடையில்லை.”

“அப்ப இது தினசரி நீர் எடுப்பு வைபவம். தலைமைக்கு உங்களை விட்டா யாரு?”

அதிகாரி முகம் மலர்ந்துச்சு.

மறுநாள் விடியக்காலம் பந்தல், மாலை, பேட்டரி போட்ட மைக். கலியபெருமாள் ‘நீரின் மாண்பு’ பத்தி முக்கால் மணி நேரம் பேசுனாரு. அப்புறம் குடம் இறங்குச்சு. எட்டாம் நாள் அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு, லீவுல போயிட்டாரு. மத்த குழு உறுப்பினருங்க யாரும் அந்நேரத்துக்கு எழுந்திரிக்கத் தயாரா இல்லை.

காவல்காரர் பச்சைமுத்து கம்பிக் கதவைத் திறக்கலை. “பிரமுகர் இல்லாம எப்படி டீச்சரம்மா?”

“பிரமுகர்னா யாருன்னு விதியில இருக்குதா?”

“மாலை போட்டவங்க பிரமுகர். அவ்ளோதான்.”

டீச்சரம்மா மாலையை எடுத்து மீனம்பாள் கழுத்துல போட்டுச்சு. “ரெண்டு வார்த்தை பேசிட்டு மொண்டுக்கோ.”

மீனம்பாள் மைக்கைப் புடிச்சா. “அன்பார்ந்த தாய்மார்களே,” ன்னு ஆரம்பிச்சவ, வெயில் ஏறுற வரைக்கும் விடலை.

மறுநாள் நாகம்மாள் முந்திக்கிட்டு வந்தா. “அவ ஒரு மணி நேரம் பேசுவா, நான் மட்டும் இளைச்சவளா?”

அதுக்கப்புறம் எல்லாரும் சீக்கிரமே வந்தாங்க, தண்ணிக்கு இல்லை, மாலைக்கு. என்னையும் ஒருநாள் கூப்பிட்டாங்க. படிப்புதான் ஏறலை, பேச்சுக்கு என்ன பஞ்சம்? ஒண்ணரை மணி நேரம். முன்வரிசையில குடத்தைக் கவுத்துப் போட்டு அது மேலயே உக்காந்து கைதட்டுனாங்க. வீட்ல புள்ளைங்க நாக்கு வறண்டு கெடந்தது அப்படியேதான் கெடந்துச்சு.

அடுத்த நாள் மறுபடி நாகம்மாள் முறை. “நமது பாரம்பரியத்தில் பெண்கள்,” ன்னு அதே பேச்சுல மூணாவது தடவையா ஆரம்பிச்சா. ஓரமா நின்ன டீச்சரம்மா கடிகாரத்தைப் பாத்துச்சு, வரிசையில இருந்த குடங்களைப் பாத்துச்சு. பந்தலுக்குப் பின்னாடி போயி பேட்டரி ஒயரைப் புடுங்கி, நிதானமாச் சுருட்டி, கைப்பையில போட்டுக்கிட்டு, காலேஜுக்கு பஸ் ஏறிடுச்சு.