சுருட்டுப் பரீட்சை

ஊரார் என்னைக் குடிகாரன் என்று சொன்னது, நான் ஒரு சொட்டுகூடக் குடிக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். குடித்த (குடித்ததாக நான் நம்பிய) மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைப் பற்றி யாரும் மூச்சு விட்டதில்லை. ஏகாம்பரமா, தங்கமான பிள்ளையாயிற்றே என்றுதான் பேச்சு. அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

அது மதுவிலக்குக் காலம். நான் உத்திரமேரூரில் சர்க்கார் கிளார்க். வயது இருபத்தாறு. தலையில் எண்ணெய், சட்டைப் பையில் பேனா, பேச்சில் பணிவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் என் சிநேகிதன் தசரதனோடு ஏரிக்கரைப் பக்கம் ஒரு பனந்தோப்புக்குப் போவேன். தசரதன் பம்புசெட் மெக்கானிக். சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பி, இரண்டு முனையையும் கட்டி, இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவான். அலுமினிய டம்ளரில் ஊற்றினால் பாதி சாராய வாடை, பாதி ரப்பர் வாடை. கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, தசரதன் பற்றவைத்துத் தரும் சுருட்டை வாங்கிக்கொள்வேன்.

இங்கே ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். எனக்குப் புகைக்கும் பழக்கம் கிடையாது. திங்கள் முதல் சனி வரை ஆபீசில் யாராவது பீடி பற்றவைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜாதி நான். டம்ளர் கையில் இருந்தால் மட்டும் ஒரு சுருட்டு, அதுவும் துணைக்கு. அதைப் பழக்கம் என்று எப்படிச் சொல்வது? (இந்த வாதத்தை நானே எனக்குப் பலமுறை சொல்லி, நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.) இரண்டு டம்ளரும் பாதிச் சுருட்டும் உள்ளே போனால் பனைமரங்கள் குனிந்து எனக்கு வணக்கம் சொல்லும். நான் அழுவேன். இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வேன். தசரதன் என்னை நிழலில் படுக்கவைத்து, வெயில் தாழ்ந்ததும் எழுப்பி அனுப்புவான். ஐயோ, இப்படிக் கெட்டுப்போய்விட்டோமே என்று வாரம் பூராவும் வருந்துவேன். அந்த வருத்தத்துக்குள்ளேயே கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன். நாமும் ஒரு குடிகாரன் ஆகிவிட்டோமே!

இந்த நிலையில்தான் வேதவல்லியைப் பார்த்தேன். பெருநகர் பஸ்ஸில் போய் இறங்கி வரப்பு வழியாக ஒரு மைல் நடந்தால் ஒரு சிற்றூர். அங்கே பள்ளிக்கூடத்துக் கூரை ஓடுகளைப் பார்த்துக் குறிப்பு எழுத ஆபீசிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். வேதவல்லி அங்கே டீச்சர். நான் சர்க்கார் தோரணையோடு வகுப்புக்குள் நுழைந்தேன். பாடம் நடக்கிறது, மணி அடிக்கும்வரை வெளியில் நில்லுங்கள் என்றாள். நின்றேன். அரைமணி நேரம் வெயிலில் நின்றபோதே கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவது என்று தீர்மானம் செய்துவிட்டேன். எனக்கு ஏற்கெனவே மூன்று வரன் ஜாதகம் பொருந்தாமல் போயிருந்தது. அம்மாவின் காதில் விஷயத்தைப் போட்டேன். ஜாதகமும் பொருந்தியது. சாப்பாடு இறங்கவில்லை எனக்கு, அவ்வளவு சந்தோஷம்.

சிக்கல் பெண்ணின் அப்பா. மாசிலாமணி என்று பெயர், அந்த ஊர் மணியக்காரர். சாராயம் குடித்தவனைப் பிடித்துப் போலீசுக்கு எழுதிவைக்க வேண்டியது அவர் வேலை. எதிரே வருகிறவனை நிறுத்தி ஊதச் சொல்லுவார். வெங்காயம் மென்றுவிட்டு வந்தாலும் தப்பமுடியாது. சாராய வாடையை அமுக்க அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற தந்திரம் சுருட்டு. அதனால் சுருட்டு வாடையோடு தள்ளாடி வருகிறவனை அவர் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை, நேராகப் பெயரை எழுதிவிடுவார். அவரே காலையிலிருந்து மாலைவரை சுருட்டுப் பிடிக்கிற ஆசாமி என்பது வேறு விஷயம். தன்னைத் தானே எழுதிக்கொள்ள முடியாதல்லவா.

பெண் பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஏரிக்கரைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நான், அம்மா, அப்பா மூன்று பேரும் பஸ் ஏறினோம். அங்கே சொஜ்ஜி, பஜ்ஜி எல்லாம் கொடுப்பார்கள், வயிற்றைக் காலியாக வைத்துக்கொள் என்று அம்மா காலையில் ஒரு வாய் காப்பியோடு நிறுத்திவிட்டாள். போய்ச் சேர்ந்ததும் பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள். பெண்ணின் தாய்மாமன் முனிரத்தினம், வாலாஜாபாத்தில் ரைஸ் மில் என்ஜின் டிரைவர், நல்ல மனுஷர், என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்ப் புளியமரத்தடியில் நிறுத்தி மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து நீட்டினார்.

"பழக்கம் உண்டா மாப்ளே?"

"சும்மா புடிக்க மாட்டேன் மாமா. அது உள்ள போயிருந்தாதான்."

அவர் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. (பதிலை எவ்வளவு நேர்மையாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். என் நேர்மையில் இடி விழ.) பெண்ணின் மாமன் நீட்டியதை எப்படி மறுப்பது? தவிர, தலையைச் சுற்றவைப்பது சாராயம்தானே. சாராயம் இல்லாத சுருட்டு வெறும் புகை, அது என்ன செய்துவிடும்? வாங்கிப் பற்றவைத்தேன். தசரதன் கற்றுக்கொடுத்தபடி புகையை உள்ளே விழுங்கி விழுங்கி, அடிவரை பிடித்து முடித்தேன்.

கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். வேதவல்லி பலகாரத் தட்டோடு வந்தாள். இரண்டு வேதவல்லியாக வந்தாள். எந்த வேதவல்லியைப் பார்ப்பது என்று குழம்பி, மரியாதைக்கு எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது. தரை ஒரு பக்கமாகச் சரிந்தது. பக்கத்தில் இருந்த மணியக்காரரின் தோளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நைனா, ஏரிக்கரை சாயுது, வுட்டுடாதீங்க" என்றேன். பிறகு தோட்டத்துக்கு ஓடினேன். கண்ணில் பட்டது மாட்டுக் கழுநீர்த் தொட்டி. அன்றைக்கு அந்த மாடு தண்ணீர் குடிக்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மணியக்காரர் என் எதிரில் வந்து நின்றார்.

"ஊது."

ஊதினேன்.

"சுருட்டு வாடை," என்றார். அவர் சட்டப்படி கேஸ் முடிந்துவிட்டது.

நான் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். குடித்தவன் செய்கிற முதல் காரியம் அதுதான் என்றார். என் அப்பா முனிரத்தினத்தைப் பார்த்தார். அந்த மனுஷர் பாவம், மணியக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"ஒரே ஒரு சுருட்டு குடுத்தேன் மாமா. நான் ஒரு நாளைக்கு ஏயு புடிக்கிறேன், எனுக்கு இன்னா ஆச்சி? சரக்கு உள்ள போனாதான் சுருட்டு புடிப்பேன்னு இவரே சொன்னாரு. சுருட்டு புடிச்சாரு. அப்ப இன்னா அர்த்தம்?"

அர்த்தம் எல்லாருக்கும் விளங்கியது. எனக்கே விளங்கியதுதான் கொடுமை. நான் சுருட்டுப் பிடித்தேன்; ஆகவே குடித்திருக்க வேண்டும். குடித்தேனா? எப்போது? காலையில் அம்மா கொடுத்தது காப்பிதானா? உள்ளங்கையில் ஊதி நானே முகர்ந்து பார்த்துக்கொண்டேன். வேதவல்லி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணியக்காரர் தன் பெருந்தன்மையால் போலீசுக்கு எழுதவில்லை. போய்வாருங்கள் என்று மட்டும் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

"குடிச்சதுதான் குடிச்சே, இன்னிக்கா?"

இறங்கியதும் நேரே தசரதன் கடைக்குப் போனேன். குடிக்காமலேயே ஒருவனுக்குப் போதை ஏறுமா என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோச்சிக்காத. மொத தபா ஊத்தினப்பவே நீ பனமரத்தைக் கட்டிக்கினு போலீசைக் கூவிக் கூப்ட்டே. மாட்டினா எல்லாருக்கும் ஜெயிலு. அதுலேர்ந்து ஒனுக்கு டியூப்பு கயுவின தண்ணிதான்."

"ஒரு வருசமாவா?"

"ஒரு வருசமாதான்."

ஒரு வருஷம்! எத்தனை அழுகை, எத்தனை சத்தியம், கோயிலில் எத்தனை தோப்புக்கரணம்! அத்தனையும் ரப்பர் கழுவிய தண்ணீருக்கு. பனைமரங்களைக் குனியவைத்தது வெறும் சுருட்டு. அவன் கழுத்தை நெரிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் நின்றேன். நான் குடிகாரன் இல்லை என்பதில் நிம்மதி. குடிகாரன்கூட இல்லையே என்பதில் அவமானம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் மேலும் வருத்தப்பட்டார். மறுநாள் கூரைக் குறிப்பில் ஒரு சந்தேகம் என்று ஆபீசில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மணி அடிக்கும்வரை வெளியிலேயே நின்றேன், இந்த முறை யாரும் சொல்லாமலே. வேதவல்லி வந்ததும் டியூப், தண்ணீர், சுருட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. கணக்குப் பார்க்கிற முகத்தோடு கேட்டுவிட்டு, அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், சுருட்டில் எவ்வளவு பிடித்தீர்கள், புகையை விழுங்கினீர்களா என்று விசாரித்தாள். பிறகு சொன்னாள்:

"அப்போ எங்க நைனா எதிர்ல இன்னொரு தடவை புடிங்க. பரீட்சை வெச்சா தெரிஞ்சிடும்."

மணியக்காரரை அவள் எப்படிச் சம்மதிக்கவைத்தாளோ தெரியாது. தன் மூக்கு தப்பாது என்று நிரூபிக்க அவருக்கும் ஆசை இருந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வரச் சொன்னார்கள். போனதும் தலையாரி என் மடியைச் சோதித்தான். ஒரு வாய் காப்பி கொடுத்து, கூடத்தில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அரைமணிக்கு ஒரு தடவை மணியக்காரர் வந்து ஊதச் சொல்லி முகர்ந்துவிட்டுப் போனார். செய்தி பரவி, தெருவே வாசலில் கூடிவிட்டது. வாலாஜாபாத்திலிருந்து முனிரத்தினமும் சாட்சிக்கு வந்திருந்தார்.

உச்சி வேளையில் அதே புளியமரத்தடி, அதே மாதிரிச் சுருட்டு. பற்றவைத்தேன். கால்வாசி முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. பாதி முடிந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக நான் இருந்ததே இல்லை. புளியமரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. இப்போது தலை சுற்றாவிட்டால் அன்றைக்குச் சுற்றியது சாராயத்தால்தான் என்று ஆகிவிடும். வேதவல்லி போய்விடுவாள். வாந்தி வர வேண்டுமே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்ட மாப்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"பாத்தீங்களா மாமா, கல்லு மாரி ஒக்காந்துகினு கீறாரு," என்றார் முனிரத்தினம். மணியக்காரர் எழுந்தே விட்டார்.

அப்போது தோட்டத்துக் கதவிலிருந்து டீச்சர் குரல் கேட்டது.

"வாயாலேயே ஊதித் தள்றீங்க. அன்னிக்கு மாதிரி உள்ள முழுங்குங்க."

ஆமாம், பயத்தில் முழுங்க மறந்திருந்தேன். நாலு இழுப்பு முழுங்கினேன். புளியமரம் லேசாகக் குனிந்தது. இன்னும் இரண்டு. மணியக்காரர் இரண்டானார், அப்புறம் மூன்றானார். ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. "ஐயா, வருது" என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுத் தொட்டியை நோக்கி ஓடினேன். மாடு முன்னாலேயே ஒதுங்கி நின்றது. வாசலில் இருந்த கூட்டம் திருவிழாவைப் போல ஆரவாரம் செய்தது.

மணியக்காரர் கடமை தவறாதவர். அந்த நிலையிலும் கிட்டே வந்து என் வாயை முகர்ந்தார். வெறும் சுருட்டு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, புதிதாக ஒரு ஆட்சேபணையைக் கிளப்பினார்.

"ஒரு சுருட்டு தாங்காத பூஞ்சை ஒடம்பு. இவனுக்கா பொண்ணு குடுக்கறது?"

"சாராயத்தைக் கண்ணுல பாக்காத மாப்ளதான் வேணும்னீங்களே நைனா," என்றாள் வேதவல்லி. "இவர் குடிச்சதெல்லாம் தண்ணி."

தை மாதம் கல்யாணம் நடந்தது. தசரதன்தான் மாப்பிள்ளைத் தோழன். மணியக்காரர் அவனையும் ஒரு முறை ஊதச் சொன்னார்.

மாமனாருக்குப் பயந்து ஒளிந்து புகைபிடிக்கிற மருமகன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் மாமனார் எனக்குப் பயந்து ஒளிந்தார். நான் பெருநகர் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன் என்று தகவல் வந்தால் போதும், ஊரையே ஊதவைத்த அந்த மணியக்காரர் வாயில் இருக்கும் சுருட்டைச் செருப்பால் நசுக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து, துண்டால் கூடத்துப் புகையை விசிறி வெளியேற்றுவார். அப்படியும் நான் வாசலில் நின்று ஒரு தடவை தும்மினால் போச்சு. கையைப் பிசைந்துகொண்டு, எதற்கும் அந்தத் தொட்டிப் பக்கமாகவே உட்காருங்கள் மாப்பிள்ளை என்பார். இப்போது எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாம்பூலத் தட்டு என் பக்கம் வரும்போது, பேரன் பேத்திகள் அதிலிருக்கும் சுருட்டை முதலில் எடுத்து ஒளித்துவிட்டுத்தான் தட்டை நீட்டுகிறார்கள். ஏன் என்று புது மாப்பிள்ளைகள் யாராவது கேட்டால் முழுக் கதையையும் சொல்வது வேதவல்லிதான். டீச்சர் அல்லவா, ஒன்றையும் விடுவதில்லை. அந்தத் தொட்டி உட்பட.