நாசூக்குக்காரர் எழுதிய நோட்டீஸ்

நாசூக்குக்காரர் என்றொரு வகை மனிதர் நம்மிடையே உலவுகிறார். உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். தன் வயிற்றில் வாயு எங்கே புறப்பட்டு எங்கே போய் முட்டிக்கொள்கிறது என்பதைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளுக்கு வில்லியனூர் வரைக்கும் விளக்கிக்கொண்டே வருவார். தன் மலச்சிக்கலைப் பற்றிக் கல்யாணப் பந்தியில், அதுவும் பாயசம் பரிமாறும் நேரத்தில், பேசுவார். ஆனால் பெண்களுக்குக் கருப்பை என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் சீக்கு வரும் என்று யாராவது ஆரம்பித்தால் போதும், சட்டென்று அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பார். விசிறி ஓடாவிட்டாலும் பார்ப்பார்.

இவருடைய அகராதியில் மொத்தம் மூன்றே சொற்கள். 'அது', 'அந்த மாதிரி', 'லேடீஸ் மேட்டர்'. இவற்றை வைத்துக்கொண்டே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் எடுத்துவிடுவார். கெட்டிக்காரர்தான், இல்லையா?

எங்கள் உழவர்கரைப் பக்கத்துத் தென்றல் நகரில் இந்த வகையின் தலைசிறந்த உதாரணம் புருஷோத்தமன். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நகர் நலச்சங்கத்தின் செயலாளர். துணைச் செயலாளர் அடியேன். அவர் எழுதுவதற்கெல்லாம் கீழே கையெழுத்துப் போடுவது என் வேலை.

புருஷோத்தமனின் மனைவி ஹேமலதாவுக்கு நான்கு மாதமாக மாதவிலக்கு நாள் போக மற்ற நாளிலும் இரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. கணவனிடம் சொல்லாமலில்லை. அந்த வீட்டு வழக்கப்படி சொன்னார்.

"ஏங்க, எனக்கு அது இன்னும் நிக்கல."

"எது?"

"அதுதான்."

"ஓ, அதுவா? சூடும்மா. எளநி வாங்கியாறேன்."

நான்கு மாதத்தில் ஹேமலதா குடித்த இளநீரில் நோணாங்குப்பம் படகுத்துறைப் படகையே மிதக்க விட்டிருக்கலாம்.

இந்த நிலையில்தான் சுகாதார நர்ஸ் அஞ்சலாட்சி சங்க அறைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமூகக்கூடத்தில் முகாம் நடத்த வேண்டும், நகர் முழுக்க நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்றார். என்ன முகாம் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கருப்பை வாய்ப் புத்துநோய் சார். இது ஒரு வைரஸால வர்றது. புருஷன் பொண்டாட்டி சேர்க்கையில தொத்தும். முக்காவாசிப் பேருக்கு வந்துட்டு ரெண்டு வருஷத்துல தானா போயிடும். சில பேருக்குப் போகாம உள்ளயே தங்கிடுது. பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு அது புத்துநோயா மாறுது. முன்னாலயே பார்த்துட்டா தடுத்துடலாம். பொண் கொழந்தைங்களுக்கு அதுக்கு ஊசியே இருக்குது."

இரண்டாவது வாக்கியத்திலேயே புருஷோத்தமன் விசிறிக்குப் போய்விட்டார். அங்கிருந்தபடியே, "நம்ம நகர்ல எல்லாம் நல்ல குடும்பம்மா" என்றார்.

"வைரஸ் குடும்பம் விசாரிச்சுட்டு வராது சார்."

அஞ்சலாட்சி போன பிறகு நோட்டீஸைத் திருத்த உட்கார்ந்தார். 'கருப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாம். முப்பது வயதைக் கடந்த பெண்கள் அனைவரும் வருக' என்று அந்த அம்மாள் தெளிவாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். முதலில் 'கருப்பை வாய்' போயிற்று. சுவரில் ஒட்டுவதை நாலு பேர் பார்ப்பார்களே! அடுத்து 'புற்று' போயிற்று. எதிர்வீட்டில் கல்யாணம் வருகிறது, அபசகுனம். 'நோய்' மட்டும் தனியாக நின்றது. பார்க்கப் பாவமாக இருந்ததால் அதையும் அடித்தார். 'பெண்கள் அனைவரும் வருக' என்பதைப் படித்துவிட்டு, "என்னய்யா இது, அடுத்தவன் பொண்டாட்டிய நாம கூப்பிடுற மாதிரி இல்ல?" என்று பதறி, வயதையும் சேர்த்து அடித்துவிட்டு 'பொதுமக்கள்' ஆக்கினார்.

திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "பேசாம பிரெஞ்சுலயே எழுதிட்டா என்ன?" என்றவர், அந்த உறுப்பின் பெயரை மூக்கால் ஒரு தடவை சொல்லியும் காட்டினார். கூச்சமே இல்லாமல், கணீரென்று!

"யாருக்கும் புரியாதே வாத்தியாரே?"

"அதுதான்யா அதுல இருக்கிற நாகரிகம்."

நான் ஒப்பவில்லை. அப்போது நோட்டீஸில் மிச்சமிருந்தது 'பரிசோதனை முகாம். பொதுமக்கள் வருக' என்பது மட்டும். எதைப் பரிசோதிக்கிறார்கள் என்று ஜனங்கள் கேட்பார்களே? யாருக்கும் சங்கடம் தராத ஓர் உறுப்பு வேண்டும். அரை மணி நேரம் யோசித்து, 'கண்' என்று எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே அறுபது பேர் வந்துவிட்டார்கள். அத்தனை பேரும் ஆண்கள். எங்கள் நகரில் 'பொதுமக்கள்' என்றால் ஆண்கள் என்றுதான் பொருள். பழைய கண்ணாடி, அதற்கு முந்தைய கண்ணாடி, செத்துப்போன அண்ணனின் கண்ணாடி என்று கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்ற சாமிக்கண்ணு. விறுவிறுவென்று திரைக்குப் பின்னால் போய்க் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"யாரு பெரியவரே நீங்க?" என்று அஞ்சலாட்சியின் குரல் கேட்டது.

"எடது கண்ணு மங்கலா தெரியுதும்மா. எழுத்து அட்டை எங்க?"

பிறகு உள்ளே தாழ்ந்த குரலில் ஏதோ விளக்கம் நடந்தது. அடுத்த நொடி, அந்த வயதுக்கு நம்ப முடியாத வேகத்தில் சாமிக்கண்ணு வெளியே பாய்ந்தார்.

"யோவ் வாத்தியாரே! இது பொம்பளைங்களுக்குய்யா! மனுசன் மானத்த வாங்கறதுக்குன்னே நோட்டீஸ் போட்டியா?"

புருஷோத்தமன் அண்ணாந்து பார்த்தார். கூடத்து வாசலில் விசிறி ஏது? வானத்தைப் பார்த்தார்.

பெண்களில் ஒரே ஒருவர்தான் கூடத்துக்கு வந்தார். அதுவும் நர்ஸுக்கு டீ கொடுக்க. ஹேமலதா. டம்ளரை நீட்டியவர், மேசைமேல் இருந்த கருப்பைப் படத்தைப் பார்த்து, "இது என்ன முகாம்மா?" என்று கேட்டார். அஞ்சலாட்சி சொன்னார். ஹேமலதா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நான்கு மாதக் கதையையும் சொன்னார்.

"இவ்ளோ நாளா என்னம்மா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"எளநி குடிச்சுக்கினு இருந்தேன்."

"இரத்தம் படுறதுன்னா இங்க பாக்கறது போதாதும்மா. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. தள்ளிப் போடாதீங்க."

மறுநாள் ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுக்கும் இடத்தில், துணைக்குப் போன நான் புருஷோத்தமனுக்கும் ஹேமலதாவுக்கும் பின்னாலேயே நின்றிருந்தேன். என்ன செய்கிறது என்று கேட்டார்கள். புருஷோத்தமன், "வந்து... இவங்களுக்கு... அந்த மாதிரி..." என்றார். எந்த மாதிரி என்று கேட்டார்கள். "லேடீஸ் மேட்டர்" என்றார். உள்ளே இருந்த பெண், "சார், நானும் லேடீஸ்தான், சொல்லுங்க" என்றார். இவர் அண்ணாந்து விசிறியைப் பார்த்தார். வரிசை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஹேமலதா அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு ஜன்னலில் குனிந்தார்.

"நாலு மாசமா கண்ட நாள்ல இரத்தம் படுதும்மா. கருப்பை வாய்ல புத்துநோயான்னு பாக்கணும். சீட்டு குடுங்க."

புற்றுநோய்தான். ஆரம்ப நிலை, ஆபரேஷனில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் உறுதி சொல்லியிருக்க முடியாதாம். எனக்கு ஆத்திரம் வந்தது. புருஷோத்தமன்மேல் என்று சொன்னால் பொய். அந்த நோட்டீஸில் என் கையெழுத்து கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அதைப் போட்ட முண்டம்மேல்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புருஷோத்தமன் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? "ஹேமா அதோட அக்கா ஊட்டுக்குப் போயிருக்குது" என்று நகர் முழுக்கச் சொல்லி வைத்தார். மூன்றாம் நாள் ஹேமலதா படுக்கையில் இருந்தபடியே நகர் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினார். "எனக்குக் கருப்பை வாய்ல புத்துநோய். ஆபரேஷன் ஆயிடுச்சு. முப்பது வயசு தாண்டினவங்க எல்லாரும் போய்ப் பாத்துக்குங்க. பொண்ணு இருக்கறவங்க ஊசி போடுங்க." குழுவின் அட்மின் புருஷோத்தமன். பதறிப்போய் அழித்தார். ஹேமலதா மறுபடி அனுப்பினார். மறுபடி அழித்தார். மூன்றாவது தடவை அனுப்பியபோது, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மனைவிக்கு ஒரு கையால் கஞ்சி ஊட்டிக்கொண்டே, மறு கையால் அவரைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்.

ஆனால் அதற்குள் முப்பத்தெட்டு பெண்கள் கேட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் அவர்களில் பதினோரு பேர், வீட்டில் யாரிடமும் எதற்கென்று சொல்லாமல், அஞ்சலாட்சியைத் தேடிப் போனார்கள். ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? சொன்னால் இளநீர் வந்துவிடுமே!

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள், சந்தோஷம். இப்போது உங்கள் மனைவியோ மகளோ அம்மாவோ பக்கத்தில் வந்து, "அப்படி என்ன படிச்சு சிரிக்கிறீங்க, எதைப் பத்தி?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பாருங்கள், யோசிக்கிறீர்கள்.